தரையில் வரைந்த ஆள்

யார்க், ராணுவ மருத்துவமனை
1916 மார்ச் 6

மேபெல்,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. இடது காலை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே கட்டி, கப்பி போட்டு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். தந்தியில் லேசான அடி என்று சொன்னது நீ பயப்படக்கூடாது என்பதற்காக. எலும்பு முழங்காலுக்குக் கீழே முறிந்து வெளியே வந்துவிட்டது. யாரோ கட்டிய ஓட்டை விமானத்தை வடக்கே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வா என்று முதலாளி அனுப்பினாரே, அதன் என்ஜின் நடுவானில் நின்றது. டர்னிப் கிழங்கு வயலில் இறங்கினேன். ஓடி வந்த வயல்காரன் முதலில் எண்ணிப் பார்த்தது நசுங்கிய டர்னிப்புகளை. அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

அது கிடக்கட்டும். குளவி எப்படி இருக்கிறாள்? கொட்டகையின் கடல் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்துவதில்லை, ஈரக்காற்று அவள் மேல் படக்கூடாது. கீழ் இறக்கைக் கம்பிகளை ஃபோர்மன் தினமும் தட்டிப் பார்க்கிறானா? இருமல் தேவலையா? என்ஜினைத் திருப்பிவிட்டதும் இரண்டு இருமல் இருமுவாளே, அதைச் சரிபண்ணச் சொன்னேன்.

முக்கியமான விஷயம் இதுதான். வேறு எவனையும் அவள் இருக்கையில் உட்கார விடாதே என்று ஆஸ்பர்னிடம் சொல். சண்டை விமானம் வரைகிற மற்றவர்கள் காகிதத்தில் வரைவார்கள். ஆஸ்பர்ன் என்னைக் கொட்டகைத் தரையில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, என்னைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டைச் சுற்றித்தான் அவளையே வரைந்தார். தையல் கூடத்துப் பெண்கள் எல்லாரும் வந்து என் பின்பக்கத்துக் கோட்டைப் பார்த்துச் சிரித்தீர்களே, அதில் உன் சிரிப்புதான் பெரியது. என் அளவுக்குக் கட்டியவள் அவள். எனக்காகக் காத்திருக்கட்டும்.

ஹோரஸ்


ஷோர்ஹாம்
மார்ச் 11

ஹோரஸுக்கு,

நான்கு பக்கத் தாள் முழுக்க அவள், அவள், அவள். நடுவில் ஓரிடத்தில் இருமல் தேவலையா என்று வந்ததும், அப்பாடா, நம்மையும் ஒரு வார்த்தை கேட்டானே என்று மகிழ்ந்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டிருப்பவள் நான்தானே. அடுத்த வரியைப் படித்தால் அது என்ஜினுக்கு வந்த இருமல்.

என் இருமல் தேவலைதான், நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இறக்கைத் துணிக்குப் பூசுகிற வார்னிஷின் பேரிக்காய் மிட்டாய் வாசனை தொண்டையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தலைசுற்றலுக்கு ஆளுக்கொரு டம்ளர் பால் தருகிறார்கள், அதிலும் அதே வாசனை. கடிதத்தில் அடி என்று எழுதுவதற்குப் பதில் எலும்பு வெளியே வந்தது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் எப்படிச் சாப்பிட்டிருப்பேன் என்றும் ஒரு வரி யோசித்திருக்கலாம்.

இனி உன் குளவியின் சேதி. ராணுவத்து அதிகாரிகள் ஏப்ரல் மாத நடுவில் அவளைச் சோதிக்க வருகிறார்கள். பிடித்தால் நூற்றுக்கணக்கில் கட்டித் தரச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் நம் தொழிற்சாலை இனி அடுத்தவன் விமானத்துக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவோம் என்று முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார். ஆகவே காத்திருக்கிற பேச்சே இல்லை. புது விமானி ஒருவர் வந்திருக்கிறார், கேப்டன் கார்வெல் என்று பெயர். பிரான்ஸில் பறந்தவர். கொட்டகைக் கதவில் குனிந்துதான் நுழைகிறார், அவ்வளவு உயரம். குளவிக்குள் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வருகின்றன. தையல் கூடத்துக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். மரியாதையான மனிதர்.

உன் சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது. மரத்தூள் கூட்டுகிறவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

மேபெல்


யார்க்
மார்ச் 14

மேபெல்,

ஆரஞ்சா? நாட்டில் சர்க்கரைக்கே ஆளாய்ப் பறக்கிறார்கள், அந்தக் கொக்குக்குக் கூடை நிறைய ஆரஞ்சு எங்கே கிடைத்தது? நீ சாப்பிட்டாயா? சாப்பிட்டிருந்தால் எத்தனை?

பிரான்ஸில் பறந்தவனாம். பிரான்ஸில் எல்லாரும்தான் பறக்கிறார்கள், புறாகூடப் பறக்கிறது. குளவியைப் பழக்கியவன் நான். பிறந்தபோது வலது பக்கம் திரும்பினால் மூக்கை மண்ணில் புதைக்கப் பார்த்தவள். வாலைத் திருப்புகிற கால்கட்டையை இடது காலால் எப்போது, எவ்வளவு அழுத்தினால் அவள் சொன்னபடி கேட்பாள் என்பது என் காலுக்கு மட்டும்தான் தெரியும். கொக்கு நோகாமல் வந்து உட்கார்ந்து, கைதட்டு வாங்கிக்கொண்டு போவானா? வயிறு எரிகிறது மேபெல், மறைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் நான் ராத்திரியில் பல்லைக் கடிக்கிறேன் என்கிறான்.

ஆஸ்பர்னிடம் நீயே போய்ச் சொல். ஜூன் வரை தள்ளிப்போடச் சொல். அதற்குள் நடந்துவிடுவேன்.

ஆரஞ்சைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுது.

ஹோரஸ்


ஷோர்ஹாம்
மார்ச் 24

ஹோரஸுக்கு,

இரண்டு ஆரஞ்சு. இரண்டும் இனிப்பாக இருந்தன.

ஆஸ்பர்னிடம் போனேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். “ஏம்மா, உன் புருசன் காலு கூடுற வரைக்கும் ஜெர்மன்காரன் சும்மா உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பானா?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உனக்காகப் பல்லிளித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

நேற்று கேப்டன் கார்வெல் அவளை மேலே கொண்டுபோனார். தையலை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே ஓடினோம். ஆற்றுக்கு மேலே போய், ரயில் பாலத்தைச் சுற்றி, வலது பக்கமாகவே இரண்டு தடவை திரும்பி வந்து இறங்கினார். மூக்கும் புதையவில்லை, வாலும் ஆடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உன்னிடம் பொய் எழுத மாட்டேன்.

ஏன் தட்டினேன் என்றும் சொல்கிறேன். கீழ் இறக்கை இரண்டும் நான் தைத்தவை. அங்குலத்துக்கு அங்குலம் முடிச்சுப் போட்டு, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து தைத்தவை. நீ அத்தனை தடவை பறந்து இறங்கினாயே, ஒரு தடவையாவது அந்தத் தையலைப் பார்த்தாயா? என்ஜினைத் தடவிக் கொடுப்பாய், மூக்கைத் தட்டிக் கொடுப்பாய், அப்புறம் வீட்டுக்கு வந்து தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டு அவளைப் பற்றியே பேசுவாய். அவர் இறங்கியதும் கீழ் இறக்கையைக் குனிந்து பார்த்து, “இது யார் கை?” என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். தொப்பியைத் தொட்டார்.

உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைக்காதே. இரண்டு வருடமாக ஒரு மரக்கட்டைப் பொம்பளையோடு உன்னைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

காலைப் பற்றி இந்தத் தடவை ஒன்றுமே எழுதவில்லையே, ஏன்?

மேபெல்


யார்க்
மார்ச் 29

மேபெல்,

தொப்பியைத் தொட்டானா. நல்லது. நீ என்ன செய்தாய், வெட்கப்பட்டாயா?

நான் இங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அங்கே என் இருக்கையில் ஒருவன், என் பெண்டாட்டி கைதட்டுகிறாள். ஊரே கூடி எனக்குக் கருமாதி பண்ணிவிட்டு விருந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அவன் கையில் அவள் ஒழுங்காகப் பறந்தாள் என்று படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவனைத் தூக்கி எறிந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

காலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. காய்ச்சல் வருகிறது, போகிறது.

ஹோரஸ்


ஷோர்ஹாம்
ஏப்ரல் 9

ஹோரஸ்,

பத்து நாள் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று.

கேப்டன் கார்வெலின் தம்பி பிப்ரவரி மாதம் பிரான்ஸில் விழுந்து செத்துப்போனான். அவனுக்குக் கொடுத்திருந்தது மாட்டு வண்டி மாதிரி ஒரு விமானம், பின்னாலிருந்து வந்தவனிடமிருந்து தப்பிக்க முடியவில்லை. குளவி மாதிரி ஒன்று இருந்திருந்தால் திரும்பியாவது பார்த்திருப்பான் என்று ஃபோர்மனிடம் சொன்னாராம். அதற்காகத்தான் அந்த மனிதர் முழங்கால் தோல் கிழியக் கிழியப் பறக்கிறார். ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது நொண்டிக்கொண்டுதான் வருகிறார். அவரைத் தூக்கி எறியச் சொல்கிறாய் நீ.

இன்னொரு சேதி. சொல்லாமல் விடலாமா என்று பார்த்தேன், எப்படியும் உன் காதுக்கு வரும். அவருடைய கால் நீளத்துக்காக இருக்கையை ஒரு சாண் பின்னால் தள்ளப் போகிறார்கள். சோதனைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஆஸ்பர்ன் சொல்லிவிட்டார், தச்சர்கள் மரம் அறுத்துவிட்டார்கள். உன் இடம் போகிறது. உனக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை.

மேபெல்


தந்தி
யார்க், ஏப்ரல் 11

இருக்கையை நகர்த்த வேண்டாம். ஆஸ்பர்னிடம் உடனே சொல். ஹோரஸ்.


ஷோர்ஹாம்
ஏப்ரல் 12

ஹோரஸ்,

தந்தி தொழிற்சாலை முகவரிக்கு வந்தது. நான் போவதற்குள் ஆஸ்பர்ன் பிரித்துப் படித்து, அது கொட்டகை முழுக்கச் சுற்றிவிட்டது. “யார்க்ல இருந்தே சீட்டைப் பிடிச்சுத் தொங்குறான் பாரு” என்று ஃபோர்மன் சொன்னான். இப்போது அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், அது அதைவிட மோசம்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஒரு மாதமாக யாரையும் உட்கார விடாதே, தள்ளிப்போடு, காத்திரு என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தானே நீ. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். சிரித்த பிறகு அழுகை வந்தது.

திங்கட்கிழமை சோதனை.

மேபெல்


யார்க்
ஏப்ரல் 13

மேபெல்,

சிரிக்கட்டும், பரவாயில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தை முழுக்கப் படி.

போன நவம்பரில் ஒருநாள் நான் பறந்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா? பன்றி இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அன்றைக்கு நான் பன்றி இறைச்சியே சாப்பிடவில்லை. அன்று தோட்டாப் பெட்டியை என் இருக்கைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தோம். பாதி நிறைந்த ஒரு பெட்டிதான். தரையை விட்டதும் மூக்கு மேலே போயிற்று, கைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளியும் இறங்க மறுத்தது. அப்படியே நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழலத் தொடங்கியது. கையைப் பின்னால் விட்டுத் தோட்டாப் பெட்டியை வெளியே உதறித் தள்ளித்தான் தப்பினேன். ஆற்றுச் சேற்றில் அது இன்னும் கிடக்கும். ஆஸ்பர்னிடம் சொன்னேன், காற்று அடித்திருக்கும் என்றார். அன்று நல்ல காற்றும் அடித்தது, அதனால் நானும் விட்டுவிட்டேன். பெட்டியை மறுபடி அங்கே வைக்கவில்லை, பேச்சும் அதோடு போயிற்று.

இப்போது இருக்கை பின்னால் போனால் அதை ஒட்டி இருக்கிற பெட்ரோல் டாங்கியும் பின்னால் போக வேண்டும். ராணுவத்துக்காரர்கள் டாங்கியை நிறைத்துத்தான் பறக்கச் சொல்வார்கள். பெட்டியைவிட அது பல மடங்கு கனம், பின்பக்கத்தை அழுத்தி மூக்கைத் தூக்கிவிடும், உதறித் தள்ளவும் முடியாது.

கேப்டன் கார்வெல் நல்ல விமானி. வலது பக்கம் இரண்டு தடவை திரும்பினார் என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் பிழைக்க முடியாது. ஆஸ்பர்ன் கேட்காவிட்டால் கேப்டன் கார்வெலிடமே போ. முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளச் சொல். நான் எப்போதும் இப்படி எழுதுகிற ஆள்தானே என்று நினைத்துவிடாதே. உன்னைவிட்டால் நான் சொல்வதை நம்ப அங்கே யாரும் இல்லை.

ஹோரஸ்


ஷோர்ஹாம்
ஏப்ரல் 19

ஹோரஸுக்கு,

எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இன்றுதான் முடிந்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன். கேப்டன் கார்வெல் என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக அவர் உனக்குக் கொக்கு, இல்லாவிட்டால் அவன். நீ பயந்துபோயிருக்கிறாய் என்று அங்கேதான் புரிந்தது. கடிதம் முழுக்க குளவியை ஒரு தடவைகூட அவள் என்று எழுதவில்லை. பென்சில் எழுத்தும் எப்போதையும்விடச் சாய்ந்திருந்தது.

ஆஸ்பர்னிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, உட்காரவைத்துப் பேசினார். டாங்கியையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன், கார்வெல் உன் புருசனைவிட எடை குறைவு, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்றார். கணக்கோடு நான் எப்படி மல்லுக்கு நிற்பேன்? வந்துவிட்டேன்.

கேப்டன் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருக்கையை அன்று சாயங்காலம் மாற்றுவதாக இருந்தது. உன் கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை, நானே படித்துக் காட்டினேன். அவரைத் திட்டாத கடிதம் இது ஒன்றுதானே, அதனால் தைரியமாகப் படித்தேன். முடித்ததும் ரொட்டியைக் கீழே வைத்தார்.

“உங்க வீட்டுக்காரர் இதுக்கு முன்னாடி என்னை என்னன்னு எழுதுவாரு?” என்று கேட்டார்.

எனக்கு வாயில் பொய் வரவில்லை. “கொக்குன்னு எழுதுவாருங்க” என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “என்னைப் பிடிக்காத ஆளு, எனக்காக இவ்வளவு மெனக்கெட்டு எழுதுறாருன்னா அது பொய்யா இருக்காது” என்றார். எழுந்து நேரே ஆஸ்பர்னிடம் போனார். பழைய இருக்கையே கைக்குப் பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னார். உன் பெயரை எடுக்கவே இல்லை. நீ எழுதியதால் என்று சொல்லியிருந்தால் ஆஸ்பர்ன் வீம்புக்காவது மாற்றியிருப்பார்.

திங்கட்கிழமை அதிகாரிகள் முன்னால் பறந்தார். ஏறச் சொன்னார்கள், ஏறினார். செங்குத்தாக இறங்கச் சொன்னார்கள், எங்களுக்கெல்லாம் உயிர் போய் வந்தது. விமானம் தரைக்கு வந்து நின்றபோது அவர் கீழிறங்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள், முழங்கால் அப்படி வீங்கியிருந்தது. அதிகாரிகள் முதலாளியோடு கைகுலுக்கினார்கள். முதல் தவணையாக இருநூறு குளவி கேட்டிருக்கிறார்கள். யாரையும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. ஊர்ப் பத்திரிகையில் கேப்டனின் படம் போட்டிருக்கிறார்கள். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது, உனக்காக. இது எனக்குப் புதுசு.

நேற்று கேப்டன் ஆஸ்பர்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆஸ்பர்னுக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. இன்று காலை இருக்கையைத் தொடாமல், அதன் பின்னால் மணல் மூட்டையைக் கட்டி, கயிற்றை இழுத்தால் மூட்டை வெளியே விழுகிற மாதிரி செய்து பறக்கவிட்டார். உயரம் போன பிறகு கேப்டன் மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். அப்புறம் கீழே கொண்டுவர முடியவில்லை. அப்படியே நின்று, சாய்ந்து, ஒரு சுற்று சுற்றியது. மூட்டை விழுவதைப் பார்த்தோம், அதன் பிறகுதான் சரியாயிற்று. இறங்கியவர் முகம் மாவு மாதிரி இருந்தது. ஆஸ்பர்ன் பலகைக்குப் போய் உன் தந்தியை எடுத்தார். கிழித்துவிடுவார் என்று பார்த்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இனி எவ்வளவு நெட்டையன் வந்து கேட்டாலும் இருக்கை நகரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். இருநூறும் உன் கோட்டைச் சுற்றித்தான் கட்டப்போகிறார்கள்.

உன் இடத்தை யாரும் எடுக்கவில்லை ஹோரஸ். கால் கூடியதும் வந்து உட்கார்.

மேபெல்


யார்க்
ஏப்ரல் 24

மேபெல்,

உன் இருமல் தேவலையா? உன்னைத்தான் கேட்கிறேன், என்ஜினை இல்லை. விரலில் தோல் உரிந்தால் வாத்துக் கொழுப்பு தடவினால் நல்லது என்று இங்கே இருக்கிற நர்ஸ் சொல்கிறாள்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேப்டன் கார்வெலுக்கு நன்றி சொல். இருநூறு விமானம். நல்லது. பத்திரிகையில் அவர் படம் வந்தது பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. இருக்கிறது, கொஞ்சம். போய்விடும்.

கடைசி வரியில் வந்து உட்கார் என்று எழுதியிருக்கிறாய். அதனால் இதற்குமேல் மறைக்க முடியாது. காலை எடுத்துவிட்டார்கள் மேபெல். புண் அழுகி மேலே ஏறியது, முழங்காலுக்கு மேலே வைத்து எடுத்தார்கள். ஏப்ரல் எட்டாம் தேதி. இருக்கையைத் தள்ளப் போகிறார்கள் என்ற உன் கடிதம் வந்தபோது நான் கட்டிலில் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்தேன். நர்ஸ்தான் படித்துக் காட்டினாள். தந்தியையும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்கு அந்த இருக்கை இனி எதற்கும் ஆகாது என்று தெரிந்த பிறகு அனுப்பிய தந்தி அது. இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அங்கே நம்பியிருப்பார்கள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ என்மேல் கோபமாக இருந்தாய், கோபக்காரியிடம் இரக்கம் கேட்கப் பிடிக்கவில்லை.

இடது கால் இல்லாதவன் கால்கட்டையை அழுத்த முடியாது. அவ்வளவுதான், அது முடிந்தது.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. கொட்டகைத் தரையில் இருக்கிற அந்தக் கோட்டை அழிக்க வேண்டாம் என்று சொல். அந்த ஆளுக்கு இரண்டு காலும் இருக்கின்றன. இங்கே படுத்துக்கொண்டு யார் யார் மேலோ பொறாமைப்பட்டுக் களைத்துவிட்டேன், இப்போது மிச்சமிருப்பது அவன் ஒருத்தன்தான். பகல் முழுக்க உன் பக்கத்திலேயே இருக்கிறான், காலை நீட்டிக்கொண்டு.

நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு வா.

ஹோரஸ்


ஷோர்ஹாம்
ஏப்ரல் 26

ஹோரஸ்,

உன் கடிதம் வந்தபோது தையல் கூடத்தில் இருந்தேன். அப்படியே எழுந்து கொட்டகைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. உன் கோட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன், அதை எழுதாமல் விட்டால் நீ நம்ப மாட்டாய். அப்புறம் ரொட்டியைப் பிரித்து அங்கேயே சாப்பிட்டேன்.

அந்த ஆளைப் பார்த்து நீ வயிறெரிய வேண்டாம். அவன் பக்கத்தில் முழுச் சாப்பாட்டு நேரமும் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. இருமினேன், தேவலையா என்று கேட்கவில்லை. யாரோ கொடுத்த ஆரஞ்சைப் பற்றி ஒரு சண்டை போடவில்லை. இரண்டு கால் இருந்து என்ன, அவனோடு குடித்தனம் நடத்த முடியாது.

கோட்டை அழிக்க மாட்டார்கள். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இருநூறும் முடிகிறவரைக்கும் அதன்மேல் எவன் மிதித்தாலும் சீட்டுக் கிழியும் என்று ஆஸ்பர்ன் சொல்லியிருக்கிறார். உன் கால் சேதியை அவரிடம் சொன்னேன். “உக்காந்து பாக்குற வேலை இங்க நிறைய இருக்கு, எது எங்க தப்பாகும்னு சொல்ல ஒரு ஆளு வேணும், வரச் சொல்லு” என்றார். வருவதும் வராததும் உன் இஷ்டம். என்னிடம் மட்டும் கேட்டால், அவள் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் நீ அலைந்தால் பரவாயில்லை, பழகிவிட்டது.

யோசித்துப் பார்த்துவிட்டு வா என்று எழுதியிருக்கிறாய். யோசிக்கவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஆரஞ்சு கொண்டு வருகிறேன். இது நானே கடையில் வாங்கியது.

மேபெல்